தட்சிணாமூர்த்தியின் கடைசிச் சொட்டு மை

காலி என்ற சொல்லை நம்பாத மனிதர்கள் சிலர் நம் நடுவே வாழ்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். பற்பசைக் குழாயை வால் பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து, சுருட்ட இடமில்லாமல் போனதும் கதவிடுக்கில் வைத்து நசுக்கி, அதுவும் முடிந்ததும் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, உள்ளே பிரஷ்ஷை விட்டுத் துழாவுகிறாரே, அவர்தான். தேய்ந்து வழுவழுத்த சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைப்பவர், ரிமோட்டின் செத்த பேட்டரியைப் பல்லால் கடித்து உயிர் கொடுப்பவர், பெட்ரோல் தீர்ந்த ஸ்கூட்டரை நடுரோட்டில் சாய்த்துப் படுக்கப்போட்டு எழுப்பி, அது கடைசி மூச்சில் ஓடும் அந்த முக்கால் கிலோமீட்டருக்காகவே வாழ்பவர், எல்லாரும் ஒரே வம்சம். இவர்களைக் கஞ்சர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். பாவம். கஞ்சனுக்குக் காசுதான் குறி. இவர்களுக்குக் காசு ஒரு பொருட்டே இல்லை. ஒரு பொருள் தீர்ந்துவிட்டது என்று இன்னொருவர் சொல்வதைத்தான் தாங்க முடியாது. கேட்டதும் உடம்பு துடிக்கும், கை தானாக நீளும், வாய் தானாகத் திறக்கும்.

"குடு இங்க. இன்னும் இருக்கு."

ஆகவே 'இன்னுமிருக்கு ஆசாமி' என்றே இவருக்குப் பெயர் வைப்போம். எங்கே பார்க்கலாம் என்கிறீர்களா? எங்கும் பார்க்கலாம். ஆனால் அப்பழுக்கில்லாத உருப்படி ஒன்று வேண்டுமானால் புதுச்சேரிக்கு வாருங்கள். வில்லியனூர் சாலையில் மூலக்குளம் தாண்டினால் செம்பருத்தி நகர், மூன்றாவது குறுக்குத் தெரு, பச்சை கேட் போட்ட வீடு. தட்சிணாமூர்த்தி என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

மனிதருக்குச் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் உத்தியோகம். கிழிந்த கையுறையைக் கொண்டுவந்து காட்டாதவனுக்குப் புதுக் கையுறை கிடையாது. காட்டினால் மட்டும் கிடைத்துவிடுமா? கையுறையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, உள்பக்கத்தை வெளியே இழுத்து, இடக்கை உறையை வலக்கைக்கு மாட்டிக் காட்டி, "இந்தப் பக்கம் இன்னும் இருக்குப்பா, போயி வேலையப் பாரு" என்று அதையே திருப்பிக் கொடுப்பார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கம்பி வலை ஜன்னலுக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து, பழசு முழுசாகச் சாகாமல் புதுசு பிறக்கக் கூடாது என்பது அவருக்கு மதமாகிவிட்டது. வீட்டிலும் அதே ஜன்னல்தான், கம்பி வலை மட்டும் இல்லை.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் பிரிண்டர் நுழையலாமா? நுழைந்தது. மகள் சங்கவியின் கல்லூரிப் படிப்புக்கென்று 2004 தீபாவளித் தள்ளுபடியில் நேரு வீதியில் கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கினார். அன்றைக்கே, கடைக்காரர் பேச்சில் மயங்கி, இன்னொரு கறுப்பு மைக் கார்ட்ரிட்ஜும் வாங்கினார். அந்தப் புதுக் கார்ட்ரிட்ஜ் வீட்டுக்கு வந்ததும் நேராகப் பீரோவுக்குள் போனது. வீட்டுப் பத்திரம், ரஞ்சிதத்தின் கெம்புத் தோடு, சங்கவியின் ஜாதகம், கார்ட்ரிட்ஜ், இந்த வரிசையில் உட்கார்ந்தது. எதற்கு? "அவசரத்துக்கு."

இதற்கிடையே பிரிண்டரில் இருந்த பழையது மூன்று வருடத்தில் எத்தனை முறை செத்துப் பிழைத்தது என்று கணக்கே கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் 'மை தீர்ந்தது' என்று மஞ்சள் முக்கோணம் வரும். தட்சிணாமூர்த்தி சிரிப்பார். "அவன் அப்பிடித்தான் சொல்லுவான். அவனுக்கு யாவாரம்." கார்ட்ரிட்ஜைக் கழற்றுவார். காதருகே வைத்துக் குலுக்குவார். என்ன கேட்குமோ தெரியாது, முகம் மலரும். பிறகு வெந்நீரில் அதன் வாயை நனைப்பார், பழைய பனியனால் துடைப்பார், தலைகீழாக நிறுத்துவார், உள்ளங்கையில் வைத்து மூன்று தட்டுத் தட்டுவார். அதுவும் இன்னும் நாலு பக்கம் அச்சடித்துக் கொடுக்கும். நாலாவது பக்கத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டாத குறைதான்.

குலுக்கல் பலிக்காத நாளில்தான் ஊசி வைத்தியம். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு மை பாட்டில் வாங்கினார். சிரிஞ்சு வாங்க மருந்துக் கடைக்குப் போனார்.

"யாருக்கு சார் ஊசி?"

"பிரிண்டருக்கு."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சின்ன ஊசியாகவே கொடுத்தார்.

சரி, இப்படியே ஊசியும் குலுக்கலுமாகக் காலம் ஓடியிருக்கும். ஆனால் 2007 ஆடி மாதத்தில் செம்பருத்தி நகர் நலச் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்கு ரஞ்சிதம் நின்றார்.

ரஞ்சிதம் ஏன் நின்றார்? கழிவுநீர் வாய்க்கால். மூன்றாவது குறுக்குத் தெருவில் அரைமணி மழை பெய்தால் போதும், வாய்க்கால் தண்ணீர் கொல்லைப்புறமாக ஏறி, அடுப்படிக்குள் வந்து, அரிசி டின்னைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டுத்தான் போகும். ஆறு வருடமாகத் தலைவராக இருக்கும் நிர்மலாதேவியிடம் ரஞ்சிதம் பதினோரு முறை சொல்லிப் பார்த்தார். நிர்மலாதேவி தங்கமான மனுஷி, எல்லாவற்றுக்கும் "செஞ்சிடலாம்" என்பார். ஆறு வருடத்தில் செய்தது நகர் முனையில் ஒரு பெயர்ப் பலகை. அதிலும் அவர் பெயர்தான் பெரிசு. போன மழையில் ஒரு மூட்டைப் பொன்னி அரிசி நனைந்து நாறியபோது ரஞ்சிதம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "இனிமே நானே பாத்துக்கறேன்." சொன்னபடி ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினார். கால் வீங்கிப்போனது. ஜெயித்தே ஆக வேண்டும், அடுத்த மழைக்குள் வாய்க்காலைக் கட்டியே ஆக வேண்டும். அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

தேர்தல் விதிகளை எழுதியது யார்? நம் ஆள்தான். சங்கச் செயலாளர் அவர். போன தடவை கலியபெருமாள் என்ற உறுப்பினர் தன் பெயரில் ஒரு ஓட்டும், மதுரைக்குப் போயிருந்த தம்பி பெயரில் ஒரு ஓட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஸ்டோர் கீப்பரின் மனசு இதைத் தாங்குமா? ஒரு ஆளுக்கு இரண்டு ஜோடிக் கையுறையா? எனவே நான்காவது விதி: 'ஓட்டளித்தவர் இடக்கை ஆள்காட்டி விரலில் கறுப்பு மை வைக்கப்படும். அவ்விரலில் மை உள்ளவர் எக்காரணம் கொண்டும் ஓட்டளிக்க அனுமதிக்கப்பட மாட்டார்.' எக்காரணம் கொண்டும் என்பதற்கு அடிக்கோடு இரண்டு. ஏழாவது விதி: 'ஓட்டுகள் சமமாக வந்தால் இருக்கிற தலைவரே தொடர்வார்.'

"இது எதுக்குப்பா?" என்று சங்கவி கேட்டாள்.

"பழசு நல்லா இருக்கும்போது புதுசு எதுக்கும்மா?"

தன் மனைவிதான் அந்தப் புதுசு என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. விதிகள் அவரது சொந்தப் பிரிண்டரில், அன்றைக்கு மை நிறைந்திருந்ததால், கன்னங்கரேலென்று வந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. காலை ஒன்பது முதல் மதியம் ஒன்று வரை, பிள்ளையார் கோயில் கொட்டகையில். உறுப்பினர் எண்பத்து மூன்று பேர். ஓட்டுச் சீட்டு அச்சடிக்கும் பொறுப்பும் நம் ஆளிடம்தான். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தார். ஐம்பது சீட்டு வரை ஒழுங்காக வந்தது. அப்புறம் கோடு கோடாக வந்தது. மஞ்சள் முக்கோணம் எட்டிப் பார்த்தது. 'நிர்மலாதேவி' என்ற பெயர் பளிச்சென்று விழ, அதன் கீழே 'ரஞ்சிதம்' பாதிதான் விழுந்தது.

ரஞ்சிதம் சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்னாங்க இது? எம் பேரக் காணோம்?"

"இருக்குது பாரு. சாய்ச்சு வச்சிப் பாரு."

"ஓட்டுப் போட வர்றவங்க எல்லாம் சாய்ச்சு வச்சிப் பாப்பாங்களா? பீரோல புதுசு ஒண்ணு இருக்குல்ல, எடுத்துப் போடுங்க."

"அது அவசரத்துக்கு."

"இது என்னா?"

தட்சிணாமூர்த்தி யோசித்தார். நியாயமாகத்தான் யோசித்தார். "இது அவசரம் இல்ல. அவசரம் மாதிரி இருக்குது, அவ்ளோதான்" என்றார்.

"உங்களோட முடியலங்க" என்று சொல்லிவிட்டு ரஞ்சிதம் கொட்டகைக்குக் கிளம்பிப் போனார். தட்சிணாமூர்த்தி தரையில் செய்தித்தாள் விரித்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், ஃபேனை நிறுத்தினார், சங்கவியை மூச்சு விடாமல் நிற்கச் சொன்னார். கார்ட்ரிட்ஜின் தலையில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்து, அதன் அடியில் இருந்த ஓட்டைக்குள் ஊசியை இறக்கி, ஒரு சொட்டு, ஒரு சொட்டாகச் செலுத்தினார். பாதியில் கார்ட்ரிட்ஜ் போதும் என்று சொன்னது. எப்படிச் சொன்னது என்றால், குடித்ததில் கொஞ்சத்தை மேல்வழியாகவே திருப்பித் துப்பியது. பத்து விரலும் கறுப்பு. மூக்கு நுனியிலும் ஒரு பொட்டு. ஆனால் பாக்கி முப்பத்து மூன்று சீட்டும் கண்ணில் ஒத்திக்கொள்வதுபோல வந்தன. ரஞ்சிதம் பெயர் ஜம்மென்று விழுந்தது. சங்கவியிடம் கொடுத்தனுப்பிவிட்டு, தட்சிணாமூர்த்தி சிரிஞ்சை அப்படியே மேசையில் போட்டார், வெற்றிக் களிப்பில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார், ஸ்பூனால்தான்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு நிதானமாக ஓட்டுப் போடப் போனார்.

தேர்தல் அதிகாரியாக உட்கார்ந்திருந்தவர் தேவதாஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சட்டை மடிப்புக் கலையாது, மீசை முனை கலையாது. விதி என்று தமிழில் சொன்னால் அவருக்குத் திருப்தி வராது, 'ரெக்ளமான்' என்றுதான் சொல்லுவார். ஐயாவுக்கு 'முசியே', அம்மாவுக்கு 'மதாம்'; ஊர்க்காரர்கள் அந்த முசியேயைச் சுருக்கி அவரையே 'முசே' என்பார்கள். பட்டியலில் பெயரைத் தேடினார், தட்சிணாமூர்த்திக்கு நேரே டிக் இல்லை. சரி. "கைய நீட்டுங்க முசியே."

தட்சிணாமூர்த்தி நீட்டினார்.

கொட்டகையே எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு கலியபெருமாள், ஆமாம், போன தடவை இரண்டு ஓட்டுப் போட்ட அதே கலியபெருமாள்தான், இப்போது நிர்மலாதேவியின் ஏஜெண்டு, எழுந்து நின்று கத்தினார்.

"பத்து ஓட்டுப் போட்டுட்டு வந்திருக்காரு சார் இவரு!"

"யோவ், பிரிண்டர் மைய்யா இது!"

"எந்த மையா இருந்தா என்னா? விரல்ல மை இருக்குல்ல?"

"நான் இன்னும் போடவே இல்ல. பட்டியலப் பாருங்க முசே, டிக்கே இல்ல."

தேவதாஸ் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, மேசையில் ஒட்டியிருந்த தாளைக் குனிந்து படித்தார். நிறுத்தி நிறுத்திப் படித்தார். "ரெக்ளமான் பட்டியலப் பத்திப் பேசல, முசியே. விரலைப் பத்தித்தான் பேசுது. எக்காரணம் கொண்டும். ரெண்டு கோடு வேற போட்டிருக்கு." நிமிர்ந்து பார்த்தார். "யார் எழுதுனது இது? நல்லா எழுதியிருக்காரு."

எழுதியவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வரிசை ஓரத்தில் நின்ற ரஞ்சிதத்தின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. ரஞ்சிதம் கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சன்னமான குரலில் கேட்டார்.

"ஒரு மணி வரைக்கும் நேரம் இருக்குதுங்களா முசே? கழுவிட்டு வந்தா போடலாமா?"

"விரல் சுத்தமா இருந்தா ரெக்ளமானுக்கு ஆட்சேபம் இல்ல, மதாம். சரியா ஒரு மணி. ஒரு மணிக்குப் பெட்டிய மூடிடுவேன்."

தட்சிணாமூர்த்தி ஓடினார். ஐம்பத்து மூன்று வயதில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு தெரு. வீட்டில் சோப்புப் போட்டார், மை சிரித்தது. எலுமிச்சம்பழம் தேய்த்தார், மை பளபளத்தது. மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், துணி சோடா, பாத்திரம் விளக்கும் தூள், சங்கவியின் நகப்பூச்சு அழிக்கும் தண்ணி. சங்கவி தேங்காய் நாரை வைத்துத் தேய்த்த தேய்ப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"எல்லா விரலும் வேணாம்மா. அந்த ஒண்ணு போதும். இடது கை ஆள்காட்டி."

"பீரோல இருக்கிறத எடுத்துப் போட்டிருந்தா இது தேவையாப்பா?"

"தேயி, தேயி. பேசாத."

பன்னிரண்டு ஐம்பதுக்கு அந்த ஒரு விரல் வெளுத்தது. சும்மா இல்லை, தோலே ஒரு சுற்று உரிந்து, பிறந்த குழந்தையின் விரலாக இருந்தது. மற்ற ஒன்பதும் கறுப்பு, இது மட்டும் ரோஜா நிறம். அவருக்கே அதைப் பார்த்துப் பாசம் வந்தது. அதை உயரத் தூக்கிப் பிடித்தபடி வாசலை நோக்கி நடந்தார். கொட்டகைக்கு ஐந்து நிமிடம். பெட்டி மூட இன்னும் பத்து நிமிடம். நிம்மதியாகப் போய்விடலாம்.

போயிருக்கலாம். மேசையைக் கடக்கும்போது கண் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால்.

மேசை மேல் சிரிஞ்சு கிடந்தது. அதற்குள் மிச்சம் அரை மில்லி மை. ஜன்னல் வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் காய்ந்துவிடும். அரை மில்லி. பதினெட்டுப் பக்கமாவது வரும். வாசகரே, நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம், இல்லையா? அவரும் இரண்டடி தாண்டிப் போனார். நின்றார். வாசலைப் பார்த்தார். சிரிஞ்சைப் பார்த்தார்.

"அப்பா, வேணாம்பா" என்றாள் சங்கவி. அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற பெண்ணல்லவா?

"ஒரு நொடிம்மா. பாட்டில்ல திருப்பி விட்டுட்டு வந்துட்றேன்."

"நான் விட்றேம்பா, நீங்க போங்க!"

"உனக்கு அளவு தெரியாது, சிந்திடுவ."

எடுத்தார். பாட்டிலின் வாயில் ஊசியை வைத்து அழுத்தினார். ஊசி முனையில் மை காய்ந்து அடைத்திருந்தது. இன்னும் அழுத்தினார். இன்னும் கொஞ்சம். அடைப்பு திடீரென்று திறந்துகொண்டு, அந்த அரை மில்லியும் ஒரே பீச்சாக வந்து, பாட்டிலில் ஒரு சொட்டும், பாட்டிலைப் பிடித்திருந்த இடக்கை ஆள்காட்டி விரலில் மிச்சமுமாக விழுந்தது. புதுத் தோல் அல்லவா, ஆசை ஆசையாகக் குடித்துக்கொண்டது.

சங்கவி நெற்றியில் அடித்துக்கொண்டு, மறுபடியும் தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தாள். விரல் வெளுப்பதற்குள் கோயில் பக்கமிருந்து தேவதாஸ் விசில் ஊதும் சத்தம் கேட்டது. பெட்டி மூடியாயிற்று.

எண்ணி முடிக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. எண்பத்து மூன்று பேரில் எண்பத்து இரண்டு பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். நிர்மலாதேவி நாற்பத்து ஒன்று. ரஞ்சிதம் நாற்பத்து ஒன்று. தேவதாஸ் மறுபடியும் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ஏழாவது ரெக்ளமானைச் சத்தமாகப் படித்தார். இருக்கிற தலைவரே தொடர்வார். நிர்மலாதேவி கைகூப்பி, "எல்லாம் செஞ்சிடலாம்" என்றார். கலியபெருமாள் லட்டு கொடுத்தார். தட்சிணாமூர்த்திக்கும் ஒன்று கொடுத்தார், அவர் வாங்கக் கையை நீட்டியதும் கூட்டம் சிரித்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரஞ்சிதம் பத்தடி முன்னாலேயே நடந்தார். திட்டியிருந்தால் தேவலை. தட்சிணாமூர்த்தி எட்டி நடந்து சேர்ந்துகொண்டார். ஒரு மாதம் அந்த வீங்கின காலோடு அவள் ஏறி இறங்கியதை எல்லாம் நினைத்துக்கொண்டு, "ரஞ்சிதம், எந் தப்புதான்" என்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் பீரோவைத் திறந்தார் ரஞ்சிதம். பத்திரத்தைத் தள்ளினார், தோட்டைத் தள்ளினார், ஜாதகத்தைத் தள்ளினார், புதுக் கார்ட்ரிட்ஜை எடுத்தார்.

"வாய்க்காலுக்கு மனு எழுதப்போறேன். தலைவரு இல்லன்னா என்னா, மூணாவது குறுக்குத் தெரு பொம்பள. நாளைக்கே அந்தம்மா கைல குடுக்கப்போறேன். சங்கவி, அடிம்மா. இதுதான் அவசரம்."

தட்சிணாமூர்த்தி குறுக்கே வரவில்லை. உறையைக் கிழித்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். சங்கவி கார்ட்ரிட்ஜை மாட்டி, மனுவை டைப் அடித்து, பொத்தானை அழுத்தினாள். பிரிண்டர் கரகரவென்று இழுத்து, மென்று, ஒரு தாளைத் துப்பியது.

வெள்ளைத் தாள். ஒரு புள்ளிகூட இல்லை.

இன்னொரு தாள். அதுவும் வெள்ளை. சங்கவி குப்பையிலிருந்து உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "2006 மார்ச்சுக்குள்ள போடணும்னு போட்டிருக்குதும்மா. உள்ளயே காஞ்சிபோச்சு."

மூன்று வருடம் பத்திரத்தோடும் தோட்டோடும் பாதுகாத்த பொருள். ஒரு எழுத்து அச்சடிக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டது. தட்சிணாமூர்த்தி மெதுவாகக் கையை நீட்டினார், கார்ட்ரிட்ஜைக் கழற்றினார், காதருகே கொண்டுபோனார், ஒரு குலுக்கு, இரண்டு குலுக்கு. முகம் மலரத் தொடங்கியது. "ரஞ்சிதம், இன்னும் இ..." என்று ஆரம்பித்தவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மிச்சத்தை விழுங்கிவிட்டார். பிறந்ததிலிருந்து அவர் அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

ரஞ்சிதம் ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் போட்டு, கையாலேயே மனுவை எழுதினார். முத்து முத்தாக எட்டு வரி. அடியில் கையெழுத்துப் போட்டார். தாளைக் கணவர் பக்கம் தள்ளினார். அவர் பேனாவைத் தேடினார்.

"பேனா எதுக்கு? அதான் விரல்ல இருக்குதே. வையுங்க ரேகைய. பத்தும் வையுங்க. பத்துப் பேரு குடுத்த மாதிரி இருக்கட்டும்."

வைத்தார். எச்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக வைத்தார். சுழி சுழியாக, கறுகறுவென்று, ஒன்றுகூட மங்காமல் பத்து ரேகையும் விழுந்தன. பத்தாவதைத் தூக்கிப் பார்த்தவருக்கு நாள் முழுக்கப் பட்ட அவமானமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ரஞ்சிதம் அவர் வாயைப் பொத்துவதற்குள் சொல்லிவிட்டார்.

"பாத்தியா? இன்னும் இருக்கு!"

ரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காக அவரை மன்னித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மழைக்காலம் முடியும் வரை வாய்க்கால் தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியால் அள்ளிக் கொட்டும் வேலை தட்சிணாமூர்த்தி தலையில்தான் விழுந்தது. வாளி ஓட்டை. மாற்ற அவர் சம்மதிக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்கிறீர்கள். உங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கிடையாது. நீங்கள் தீர்ந்ததைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசை எடுத்துப் போடுகிற ரகம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குளியலறையில் ஷாம்பு பாட்டிலுக்குள் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்திருப்பது யார்? கல்யாணத்தில் வந்த புதுப் படுக்கை விரிப்பு யாருக்காக இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துக் கிடக்கிறது? சட்டைப் பையில் இருக்கும் அந்தப் பால்பாயிண்ட் பேனா எழுதி எத்தனை நாளாகிறது? நேற்றுக்கூட அதன் ரீஃபில்லை உருவி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பரபரவென்று தேய்த்து, பின்பக்கத்தில் வாயை வைத்து ஊதினீர்களே, நான் பார்த்தேன்.

இல்லையா? சரி, நம்புகிறேன். எதற்கும் அந்த இடக்கையைக் கொஞ்சம் நீட்டுங்கள், விரலைப் பார்த்துவிடலாம்.